கூடைமலையின் உள்வயசு

கூடைமலைக்காரர்களாகிய நாங்கள் ஒவ்வொருவரும் எங்கள் உள்வயசைத் தெரிந்துவைத்துக்கொண்டு நடமாடிய அந்த எட்டு மாதங்கள், ஒரு தை மாதத்துப் புதன்கிழமை, பதினொரு மணி டீ வரும் நேரத்தில், தவமணியக்காவின் இடது கண்ணுக்குள் ஒரு பரல் துள்ளி விழுந்ததிலிருந்து தொடங்குகின்றன. அதற்கு முன்னால் எங்கள் ஊருக்கு இருந்த பெருமைகள் மூன்றே மூன்று: கவிழ்த்துவைத்த கூடை மாதிரி ஒரு மலை, ஊரில் பாதி வீட்டுக்கு லாரி, மீதிப் பாதிக்குக் கோழிப்பண்ணை. நாமக்கல்லுக்கும் சேலத்துக்கும் நடுவே போகிறவர்கள் எங்கள் ஊரில் டீ குடிக்க இறங்குவார்கள், மலையைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்பார்கள், ஏறிப் போய்விடுவார்கள்.

ஊரின் கீழ்க்கோடியில், லாரிகள் நிற்கும் பொட்டலை ஒட்டி, கோழித்தீவனக் கிடங்காக இருந்த தகரக்கூரைக் கட்டடத்தை எடுத்து எஸ்தர் மேடம் கல் ஆய்வுக்கூடம் வைத்திருந்தார். அதற்கு நேர் எதிரே என் ஜெராக்ஸ் கடை. மேடம் நாகர்கோவில்காரர், வெயிலில் கறுத்தவர், சுத்தியல் இல்லாமல் வெளியே போகாதவர். எங்கள் மலைக்கு வயது கண்டுபிடிக்க வந்திருக்கிறார் என்று தெரிந்தபோது, "மலைக்கு எதுக்குங்க வயசு, வரன் பாக்கவா போறாங்க?" என்று நாங்கள் கேலி பேசினோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. இந்த மலை பூமிக்குள்ளிருந்து புத்தம் புதிதாகப் பிறந்து வந்ததா, அல்லது அதற்கும் முன்னால் இங்கே இருந்த ஏதோ ஒரு பழைய நிலம் உருகி மறுபடி உறைந்ததா, அது தெரிந்தால் நாம் நிற்கிற இந்தக் கண்டம் எப்படி உண்டானது என்று தெரிந்துவிடும் என்றார். நாங்கள் தலையை ஆட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டோம்.

வேலை இப்படி நடக்கும். மலையிலிருந்து கொண்டுவந்த கல்லை உடைத்து, மாவாக்கி, சலித்து, தண்ணீரில் அலசி, காந்தத்துக்குக் காட்டி, கடைசியில் ஒரு கரண்டிக்கும் குறைவாக மிஞ்சுகிற தூளில், உப்புத்தூள் அளவே இருக்கும் ஜிர்கான் என்கிற கனிமப் பரல்களை மட்டும் நுண்ணோக்கிக்குக் கீழே ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். ஜிர்கான் பிறக்கும்போதே துளி யுரேனியத்தை உள்ளே வைத்து மூடிக்கொள்கிறது. அந்த யுரேனியம் ஒரே சீரான வேகத்தில் ஈயமாகிக்கொண்டே இருக்கிறது. எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று எண்ணிவிட்டால் பரல் பிறந்த காலம் தெரிந்துவிடும். எண்ணுகிற இயந்திரம் ஐதராபாத்தில் இருந்தது. பொறுக்குகிற கண் எங்கள் ஊரில், தவமணியக்காவிடம் இருந்தது.

அக்கா அதற்கு முன்னால் பண்ணையில் முட்டை பார்த்துக்கொண்டிருந்தவள். விளக்குக்கு முன்னால் முட்டையைப் பிடித்து உள்ளே ரத்தப்பொட்டு இருக்கிறதா, கீறல் இருக்கிறதா என்று ஒரு நொடியில் சொல்லிவிடுவாள். இதைக் கேள்விப்பட்டுத்தான் மேடம் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். தன் புருவ முடி ஒன்றைப் பல்குத்தும் குச்சியின் நுனியில் பசை வைத்து ஒட்டி, அந்த முடியால் பரலைத் தொட்டுத் தூக்கி வைப்பாள். பதினோரு வருடத்தில் அறுபதாயிரம் பரல் பொறுக்கியிருக்கிறாள் என்பது மேடத்தின் கணக்கு. மேடம் சொல்லிக்கொடுத்திருந்த விதி ஒன்றுதான்: தெளிவாக, விளிம்பு கூர்மையாக இருப்பதை எடு, கலங்கியதையும் விரிசல் விட்டதையும் ஒதுக்கு. ஒதுக்கியதைக் கொட்டிவிடச் சொல்லியிருந்தும் அக்கா கொட்டவில்லை. காலித் தைலப் பாட்டிலில் போட்டு அலமாரியில் வைத்துக்கொண்டே வந்தாள்.

அந்தப் புதன்கிழமை டீக்கடை மாரப்பண்ணன் தூக்குவாளியோடு உள்ளே வந்து ஏதோ சொல்ல, அக்கா சிரித்துக்கொண்டே நிமிர, புருவ முடியின் நுனியில் இருந்த பரல் துள்ளி அவள் இடது கண்ணுக்குள் போய்விட்டது. உறுத்தவில்லை, நீர் வடியவில்லை. மேடம் ஓடிவந்து கண்ணைக் கழுவிவிட்டார், டார்ச் அடித்துப் பார்த்தார், ஒன்றும் தெரியாததால் பதிவேட்டில் "ஒரு பரல் குறைவு" என்று எழுதித் தேதி போட்டார். அக்கா டீயை வாங்கக் கை நீட்டினாள். நீட்டிய கை அப்படியே நிற்க, மாரப்பண்ணனின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அண்ணா, உங்களுக்குப் பன்னெண்டு வயசுல என்ன ஆச்சு?"

"ஏன் கேக்கற?"

"உள்ள பன்னெண்டு வயசு இருக்குதுங்ணா. முட்டைக்குள்ள மஞ்சக்கரு தெரியற மாதிரி நடுவுல தெரியுது. அதச் சுத்தி வளையம் வளையமா மத்த வயசு."

அறுபத்திரண்டு வயது மாரப்பண்ணன் வாளியைக் கீழே வைத்துவிட்டு, கட்டி நாற்பது வருடமான பெண்டாட்டிக்கும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். பன்னிரண்டாவது வயதில் ஒருமுறை ரயிலேறி மெட்ராஸ் போயிருக்கிறார். மூன்று நாள் தனியாகக் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார். அதற்குப் பிறகு நடந்தது எதுவும் அந்த மூன்று நாளைப் போல இல்லை. மேடம் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு ஜிர்கானும் அப்படித்தான், பழைய பரல் ஒன்று நடுவில் கருவாக நின்றுகொள்ளும், ஒவ்வொரு முறை பூமி கொதிக்கும்போதும் அதன்மேல் ஒரு வளையம் வளரும் என்று சொல்லிவிட்டு, டீ ஆறிப்போச்சு என்றார்.

சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. அதற்கு உள்வயசு என்று பெயர் வைத்தவர் யார் என்று இன்றைக்கும் சண்டை இருக்கிறது. நான்தான் என்பது என் கட்சி. மறுநாளிலிருந்து நாலு மணிக்கு வேலை முடிந்ததும் அக்கா கிடங்கின் படியில் உட்கார்வாள், நாங்கள் வரிசையில் நிற்போம், அக்கா ஒவ்வொருவரையும் ஒரு நொடி பார்த்து ஒரு எண்ணைச் சொல்லுவாள், சொன்னவுடன் அவரவர் முகம் மாறும். பஞ்சாயத்துத் தலைவருக்கு உள்வயசு நாலு. அதற்கப்புறம் கூட்டத்தில் அவர் கத்தினால் யாரும் பதிலுக்குக் கத்துவதில்லை. ஒரு முறுக்கை எடுத்துக் கையில் கொடுத்தால் கையெழுத்துப் போட்டுவிடுவார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கு ஐம்பத்தெட்டு, பணி ஓய்வு பெற்ற நாள். முதலில் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம், பிறகு எங்கள் அத்தனை பேருக்கும் பாடம் நடத்திய முப்பத்தைந்து வருடமும் அந்த மனிதர் எதற்கோ காத்துக்கொண்டிருந்திருக்கிறார் என்று புரிந்தபோது சிரிப்பு நின்றுபோனது. கிணற்றுத் தகராறில் இருபது வருடம் பேசாமல் இருந்த இரட்டையர்கள் பாப்பாயிக்கும் பழனாயிக்கும் ஆளுக்கு ஒன்பது வந்தது. ஒன்பது வயதில் இருவருக்கும் ஒன்றாகப் பொன்னுக்குவீங்கி வந்து ஒரே பாயில் ஒரு மாதம் கிடந்திருக்கிறார்கள். படியிலிருந்து இறங்கும்போதே பாப்பாயி பழனாயியின் கன்னத்தைத் தொட்டு, "இன்னும் வீங்கித்தான்டி இருக்குது" என்றாள்.

எந்தப் புதுமையும் ஒரு மாதத்தில் எங்களுக்குப் பழகிவிடும். கல்யாணத் தரகர் ஜாதகத்தில் நட்சத்திரத்துக்கும் ராசிக்கும் கீழே உள்வயசுக்கு ஒரு கட்டம் போட்டார், அதை நகல் எடுக்க என் கடைக்குத்தான் வந்தார். டவுன் பஸ் கண்டக்டர் எழுபது வயதுப் பெரியவரிடம் "உள்வயசு எத்தன, அரை டிக்கெட்டா?" என்று கேட்டுச் சிரிக்கவைத்தார். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தால் அக்கா தயிர்ச் சட்டியைப் பார்ப்பது போல உற்றுப் பார்த்துவிட்டு, "இன்னும் உறையல, போயி வெளையாடச் சொல்லுங்க" என்று அனுப்பிவிடுவாள். ஊரே ஒருவரையொருவர் வேறுமாதிரி நடத்தியது. ஒன்பது உள்வயசுக்காரருக்கு வழியில் கொய்யாக்காய் வாங்கிக் கொடுத்தார்கள். பதினேழுக்காரரை மைனர் என்று கூப்பிட்டார்கள். உள்வயசு முப்பதில் நின்றுபோன கைம்பெண்கள் கோவிலில் ஒருவரையொருவர் அடையாளம் கண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

எனக்குப் பதினொன்று. ஏரி நிரம்பி வழிந்த வருடம் அது. அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தண்ணீர் விழுவதைக் காட்டப் போனார். பதினோரு வயதுக்குத் தோளில் ஏறுவது வெட்கமாக இருந்தது, ஆனாலும் இறங்கவில்லை. அடுத்த வருடம் ஏரி நிரம்பியபோது அப்பா இல்லை. அக்கா "பதினொண்ணு" என்று சொன்னவுடன் நான் கடையைப் பூட்டிவிட்டு ஏரிக்கரைக்குப் போய் நன்றாக அழுதுவிட்டு வந்தேன், மனசு லேசாகிவிட்டது.

இப்படி ஊருக்கெல்லாம் பார்த்துச் சொன்ன அக்கா, ஒரே ஒருவரைப் பார்க்க மட்டும் பயந்துகொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் செங்கோடன் மாமா.

விஷயம் ஊருக்கே தெரியும், யாரும் பேசுவதில்லை. மாமா பத்தொன்பது வயதில் லாரிக் கிளீனராக இருந்தபோது எடைமேடைக்காரர் மகள் கஸ்தூரியை விரும்பினார். அவளுக்கும் விருப்பம்தான். அவள் அப்பா அவளைப் பிலாய் எஃகு ஆலையில் வேலை பார்த்த சொந்தக்காரருக்குக் கட்டிக்கொடுத்து ரயிலேற்றிவிட்டார். அதன்பிறகு ஏழு வருடம் மாமா கல்யாணப் பேச்சையே எடுக்கவிடவில்லை. இருபத்தாறில் அம்மாவின் கண்ணீருக்குப் பணிந்து தவமணியக்காவைக் கட்டினார். கல்யாணமான முதல் வாரமே குழாயடியில் ஒருத்தி அக்காவிடம் இதைச் சொல்லிவிட்டாள். அக்கா அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, முப்பத்தோரு வருடமாகக் கேட்கவில்லை. ஆனால் பிலாய்ப் பக்கம் லோடு என்றால் மட்டும், கட்டிக்கொடுக்கிற புளிச்சோற்றில் ஒரு கை உப்பு அதிகமாக விழுந்துவிடும். மாமா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. தூக்கு எப்போதும் காலியாகவே திரும்பி வரும்.

"அவருக்குள்ள பத்தொம்பது இருந்துச்சுன்னா நான் என்ன பண்ணட்டும், தம்பி?" என்று அக்கா ஒருநாள் என் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டாள். "இத்தன வருசமும் இன்னொருத்தி வீட்ல குடியிருந்த மாதிரிதான ஆயிரும்?"

"பாக்காம இருந்துருங்கக்கா."

"ஒரே வீட்ல இருந்துட்டு எப்படிப் பாக்காம இருக்கறது?"

மாமா அப்போது குவாஹாட்டிக்கு லோடு ஏற்றிப் போயிருந்தார். பன்னிரண்டு நாளில் திரும்ப வேண்டியவர், வழியில் நாக்பூரில் ஒரு தாபாவில் எங்கள் ஊர் டிரைவர்கள் சொல்லி அக்காவின் கண் விஷயத்தைத் தெரிந்துகொண்டார். அங்கிருந்தே வேறு லோடு பிடித்து இந்தூர் போனார். இந்தூரிலிருந்து ராஜ்கோட், ராஜ்கோட்டிலிருந்து மறுபடி குவாஹாட்டி. வாரம் ஒருமுறை போன் வரும். "சாப்பிட்டயா", "டயர் மாத்துனேன்", "அங்க மழையா" என்று மூன்று பேச்சுக்குள் முடிந்துவிடும். மாசி போய்ப் பங்குனி போய்ச் சித்திரையும் போனது. அவர் ஏன் வராமல் இருக்கிறார் என்று ஊருக்குப் புரிந்தது. வராமல் இருப்பதே பதில் என்று அக்காவுக்கும் புரிந்தது. கரூரில் கட்டிக்கொடுத்திருந்த மகள் வந்து தன்னோடு கூப்பிட்டாள், அக்கா போகவில்லை. நாமக்கல்லில் ஒரு கண் டாக்டரிடம் போய்ப் பரலை எடுத்துவிடச் சொன்னாள். அவர் மூன்று விதமான விளக்கு வைத்துப் பார்த்துவிட்டுக் கண் சுத்தமாக இருக்கிறது என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்.

வைகாசியில்தான் அந்தத் தைலப் பாட்டில் விஷயம் நடந்தது. ஏதோ தேடப்போய் அலமாரியைத் திறந்த அக்காவின் இடது கண்ணுக்கு, பதினோரு வருடமாக ஒதுக்கிய பரல்கள் பாட்டிலுக்குள் தெரிந்தன. கலங்கிய, விரிசல் விட்ட, விலக்கப்பட்ட அத்தனை பரல்களிலும் நடுவில் ஒரு கரு இருந்தது. தெளிவானவை என்று அவள் பொறுக்கிக் கொடுத்த அறுபதாயிரத்திலும் கரு கிடையாது. அழகாக இருப்பதை மட்டும் எடுத்து எடுத்து, மலை தன் பழங்கதையை வைத்திருந்த பரல்களை எல்லாம் அவளே தன் கையால் ஒதுக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். அவள் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் மேடத்தின் மேசைமேல் வைத்து, "மேடம், நாம தப்பாப் பொறுக்கிட்டோம்" என்றாள்.

மேடம் அவற்றைப் பிசினில் பதித்துத் தேய்த்து ஐதராபாத்துக்கு எடுத்துக்கொண்டு போனார். ஐந்தாம் நாள் திரும்பி வந்தபோது பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே என் கடைக்கு வந்து, தாளை நீட்டி, பத்துப் பிரதி எடுக்கச் சொன்னார். வளையத்துக்கு வயது இருநூற்றைம்பது கோடி ஆண்டு. கருவுக்கு முந்நூற்று முப்பது கோடி. எங்கள் மலை புதிதாகப் பிறந்தது இல்லை. அதற்கும் எண்பது கோடி ஆண்டுக்கு முன்னால் இங்கே ஒரு நிலம் இருந்திருக்கிறது, அது கொதித்து உருகி உருத்தெரியாமல் போய், அதிலிருந்துதான் இந்தக் கூடை உறைந்திருக்கிறது. அன்றைக்கு மாரப்பண்ணன் ஊருக்கே டீ கொடுத்தார்.

அக்கா மட்டும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"மலையே உருகுன சூட்டுல இந்தப் பொடி மட்டும் கரையலிங்களா மேடம்?"

"கரையாது, கேட்டியளா? அவ்வளவு கெட்டி. எத்தனை தடவை கொதிச்சாலும் நடுவுல அப்படியே கிடக்கும்."

"பழைய நிலத்துல மிச்சம் அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான். ஊசி முனைதான் இருக்கும். பாக்கி மலை முழுக்கப் பிறகு வளந்ததாக்கும்."

மேடம் சொன்ன இரண்டில் அக்காவின் மனசு முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டது. முந்நூற்று முப்பது கோடி ஆண்டு எதிலும் கரையாமல் கிடக்கிற பழசு இருக்கும்போது, முப்பத்தோரு வருடக் குடித்தனத்தில் எது கரைந்திருக்கப் போகிறது என்று நினைத்தாள். அன்றையிலிருந்து சாயங்காலம் படியில் உட்கார்வதை நிறுத்திவிட்டாள். இடது கண்ணை ஒரு வெள்ளைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு, ஒற்றைக் கண்ணோடு பரல் பொறுக்கினாள். ஊர் கொஞ்ச நாள் முணுமுணுத்தது, பிறகு கைக்குட்டையும் பழகிப்போனது.

லாரிக்காரர் எங்கே வேண்டுமானாலும் ஒளிந்துகொள்ளலாம், ஆயுத பூஜைக்கு ஒளிய முடியாது. அன்றைக்கு வண்டி ஊரில் நின்று பூஜை வாங்காவிட்டால் வருடம் முழுக்க அதன்மேல் ஏறி உட்கார எங்கள் ஊரில் எவருக்கும் மனசு வராது. பூஜையன்று காலை பத்து மணிக்கு, பொட்டலில் முப்பது நாற்பது லாரிகள் கழுவித் துடைத்து, சந்தனம் பூசி, வாழைக்கன்று கட்டி வரிசையாக நிற்கும்போது, எட்டு மாதத்துப் புழுதியோடு செங்கோடன் மாமாவின் வண்டி வந்து கடைசியில் நின்றது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு இறங்கினார். யாரோ சிரித்தார்கள். அவர் யாரையும் பார்க்காமல் வாளியை எடுத்து வண்டியைக் கழுவத் தொடங்கினார்.

அக்கா கிடங்குப் பக்கமிருந்து வந்தாள். ஒரு கண்ணில் கட்டு, கையில் தட்டு, தட்டில் எலுமிச்சம்பழமும் கற்பூரமும். மூன்று அடி தள்ளி நின்று, வலது கண்ணால் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"எளச்சுப் போயிட்டீங்க."

"ஆமா." மாமா கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். "அது எதுக்குக் கட்டு?"

"நீங்க பயந்துதான வராம இருந்தீங்க. இனி பாக்க மாட்டேன். தைரியமா வூட்டுக்கு வாங்க."

மாமா கையிலிருந்த துணியைப் பிழிந்துகொண்டே இருந்தார். பிழிய அதில் தண்ணீர் இல்லை. பொட்டலில் இருந்த நாங்கள் அத்தனை பேரும் டயருக்குச் சந்தனம் வைக்கிற மாதிரி நடித்துக்கொண்டு காதை அங்கே வைத்திருந்தோம்.

"ஒத்தக் கண்ணோட எத்தன நாளைக்கு இருப்ப? வா, எடுத்துவுடறேன்."

"டாக்டரே இல்லைன்னுட்டாருங்க."

"ரோட்ல நானு எத்தன பேர் கண்ணுல தூசி எடுத்துருப்பேன். டாக்டருக்கு என்ன தெரியும்? கட்ட அவுரு."

"அவுத்தா தெரிஞ்சுருமுங்க."

"தெரியட்டும்" என்றார் மாமா. "நான் ஓடி ஓடி அலுத்துட்டேன் தவமணி."

லாரிக்காரர்கள் தூசி எடுப்பது எப்படியென்றால், தோளில் கிடக்கிற துண்டின் நுனியை முறுக்கி, எச்சில் தொட்டு, இன்னொரு கையால் இமையை மேலே மடக்கிப் பிடித்து, மூச்சுப்படும் தூரத்துக்கு முகத்தைக் கொண்டுபோய் எடுப்பார்கள். எடுக்கப்படுகிறவர் கண்ணை மூடக் கூடாது, நேரே எடுப்பவரைத்தான் பார்க்க வேண்டும். அக்காவை வண்டியின் படியில் உட்காரவைத்து, கைக்குட்டையை அவிழ்த்து, இமையை மடக்கி, மாமா குனிந்தார். அத்தனை கிட்டத்தில் அக்கா அந்தக் கண்ணால் யாரையும் பார்த்ததில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் வயது மட்டும்தான் தெரியும். கிட்டத்தில், நுண்ணோக்கியைப் பெரிதாக்கி வைத்ததுபோல, உள்ளே இருப்பதும் தெரிந்தது. அவள் என்ன பார்த்தாள் என்பதைப் பின்னொரு நாள் என்னிடம் ஒரே ஒருமுறை சொன்னாள், நானும் ஒரே ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

பத்தொன்பது இருந்தது. எடைமேடையும் இருந்தது, அதன் நிழலில் தாவணிப் பெண் ஒருத்தி திரும்பி நின்றுகொண்டும் இருந்தாள், எல்லாம் கலங்கி, விரிசல் விட்டு, ஊசி முனை அளவுக்கு நடுவில் கிடந்தது. அதைச் சுற்றி ஏழு மெல்லிய வளையங்கள், ஒன்றுமில்லாத ஏழு வருடங்கள், அப்புறம் வளையங்கள் பருக்கத் தொடங்கின, முதல் வருடத்து வாடகை வீட்டில் ஒழுகுகிற கூரைக்குக் கீழே பாத்திரம் மாற்றி மாற்றி வைக்கிற அக்கா, மகளைச் சுமந்துகொண்டு லாரி முன்சீட்டில் தூங்கிப்போன அக்கா, மாமனாருக்கு உடம்பு முடியாமல் கிடந்த இரண்டு வருடமும் மலப் பீங்கான் எடுத்துக் கழுவிய அக்கா, கோபத்தில் மூன்று நாள் பேசாமல் இருந்த அக்கா, பண்ணை விளக்கு முன்னால் முட்டையோடு அக்கா, புருவ முடியைப் பிடுங்கிக் குச்சியில் ஒட்டுகிற அக்கா, ஒரு வளையம் விடாமல் அக்கா. அதற்கிடையில் திரும்பத் திரும்ப, பிலாய் எல்லைக்கு முந்தின ஒரு புளியமரத்தடி, அதன் கீழே லாரியை நிறுத்திவிட்டு, வாயில் வைக்க முடியாத உப்புச் சோற்றை, ஏன் உப்பு என்று தெரிந்து, ஒரு பருக்கை விடாமல் தின்றுகொண்டிருக்கிற மாமா.

"எடுத்துட்டேன்" என்றார் மாமா. துண்டின் நுனியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமல் ஒன்று மினுங்கியது.

அக்கா கண்ணை மூடித் திறந்தாள். எதிரே மாமா, வெறும் மாமா, நரைத்த மீசையும் புழுதியும்.

"பாத்துட்டயா?"

"பாத்துட்டேன்."

"இருக்குதா?" என்று கேட்ட மாமாவின் குரல் எங்களுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"இருக்குது" என்றாள் அக்கா. முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், இரண்டு கண்ணையும். "நடுவுல சின்னதா ஒண்ணு கெடக்குது. அது என்னுது இல்லீங்க. அதச் சுத்தி இருக்கறது பூராவும் என்னுது."

மாமா அவள் பக்கத்தில் வண்டிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மாரப்பண்ணன்தான் சமாளித்து, நல்ல நேரம் போகுது என்று கத்தினார். சக்கரங்களுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தோம், பூசணிக்காய் சுற்றி உடைத்தோம், மாமா ஏறி வண்டியை நகர்த்தினார், பழங்கள் நசுங்கின. அக்கா பரலைக் கொண்டுபோய் மேடத்திடம் கொடுத்தாள். மேடம் பதிவேட்டைத் திறந்து, தை மாதத்து வரிக்கு நேரே "பரல் திரும்பக் கிடைத்தது" என்று எழுதித் தேதி போட்டார். மற்றப் பரல்களோடு அதைச் சேர்த்த பிறகு எது அது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அதோடு எல்லாம் முடிந்தது. அடுத்த வருடம் ஆய்வுக்கூடம் வேறு ஊருக்குப் போய்விட்டது, கிடங்கில் மறுபடி கோழித்தீவனம் வந்தது. பஞ்சாயத்துத் தலைவர் கத்தினால் இப்போது நாங்களும் கத்துகிறோம். அன்றைக்கு இன்னும் உறையவில்லை என்று அனுப்பப்பட்ட பிள்ளைகள் எல்லாம் மீசை வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். அவர்களுக்குள் எது எந்த வயதில் உறைந்தது என்று சொல்ல ஆளில்லை. சில சாயங்காலம் கடையில் கூட்டமில்லாதபோது எதிர்ப்படியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பக்கத்து மனிதனுக்குள் எத்தனை வயது அழுதுகொண்டிருக்கிறது என்று தெரிந்து நடந்துகொண்ட அந்த எட்டு மாதத்தை நினைத்தால் எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது.

அந்த ஆயுத பூஜைக்கு அடுத்த மாதம் செங்கோடன் மாமாவுக்குப் பிலாய்க்கு லோடு வந்தது. போய்விட்டு வந்து, வண்டிப் பெர்மிட்டை நகல் எடுக்க என் கடைக்கு வந்தவர், தாள் வெளியே வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு தானாகவே சொன்னார். அக்கா அந்தத் தடவை கட்டிக்கொடுத்த புளிச்சோற்றில் உப்பு சரியாக இருந்ததாம். புளியமரத்தடியில் நிறுத்தி, இரண்டு வாய் வைத்துப் பார்த்தாராம், இறங்கவில்லையாம். எழுந்து ரோட்டைத் தாண்டிப் போய், எதிரே இருந்த தாபாவில் ஒரு கை உப்பு வாங்கிக்கொண்டு வந்து, சோற்றில் போட்டுப் பிசைந்து, முழுவதையும் சாப்பிட்டுவிட்டுத்தான் வண்டியை எடுத்தாராம்.